‘அனுப்பலாமா?’: ஒன்ராறியோவின் தொலைபேசிக் கருவிகளில் செய்தியும் ஒப்புகையும், 1876–2015

தமிழ்க் கணினிக் கலைச்சொல் தொகுதிகளில் ‘கைகுலுக்கல்’ என்றொரு சொல் இடம்பெறுகின்றது. இரு கருவிகள் தரவைப் பரிமாறத் தொடங்குமுன் ஒன்றையொன்று அறிந்து, இசைவு பெற்று, அனுப்பியது சேர்ந்ததா என்பதை உறுதிசெய்துகொள்ளும் நடைமுறையை அது குறிக்கும். ஆங்கிலச் சொல்லை அவ்வாறே பெயர்த்து எடுத்தமையால் அச்சொல் எளிதில் பரவிற்று. எனினும் அது குறிக்கும் செயலை விளக்குவதில்லை. கைகுலுக்குவது ஒரு நொடியில் முடிந்துவிடும் மரியாதை. கருவிகளுக்கிடையே நடப்பதோ கேள்வியும் விடையும், காத்திருப்பும், ஐயமும், மீண்டும் கேட்டலும் கொண்ட ஓர் உரையாடல். தொலைபேசியின் வரலாறு பெரும்பாலும் மனிதக் குரலின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. குரலுக்கு வழிவிடுவதற்காகக் கருவிகள் தமக்குள் பேசிக்கொண்ட பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான சில கட்டங்கள், இன்று பெருந்தொகைத் தமிழர் வாழும் ரொறன்ரோவையும் அதனைச் சூழ்ந்த ஒன்ராறியோ மாகாணத்தையும் களமாகக் கொண்டவை.

1. பிரான்ற்போர்ட் முதல் பாரிஸ் வரை

1876 ஆகஸ்ட் 10ஆம் நாள் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒன்ராறியோவிலுள்ள பாரிஸ் என்னும் சிற்றூரில் செவிக்கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவிலிருந்த பிரான்ற்போர்ட்டில் அவருடைய உறவினர் பேசினர். பேச்சுச் சென்றது டொமினியன் தந்தி நிறுவனத்தின் கம்பியில். அதற்கு வேண்டிய மின்கலம் இவ்விரண்டு ஊர்களிலும் இல்லை; அது ரொறன்ரோவில் இருந்தது. நெடுந்தொலைவுத் தொலைபேசியின் முதல் முயற்சியில் ரொறன்ரோவின் பங்கு இந்த மின்கலந்தான்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பெரும்பாலும் கவனியாது செல்லும் செய்தி ஒன்றுண்டு. அன்றைய தொலைபேசி ஒருவழிப் பாதை. பிரான்ற்போர்ட்டிலிருந்து பாரிசுக்குக் குரல் வரும். பாரிசிலிருந்து குரல் திரும்பாது. முதலில் பெல்லின் செவியில் விழுந்தது தொலைவில் பீரங்கி வெடிப்பது போன்ற இரைச்சலும் அதனூடே மிக மெல்லிய குரலுந்தான். கேட்டவர் கேட்டதைச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் தந்தியை நாடினார். மின்காந்தச் சுருளை உயர்தடை கொண்டதாக மாற்றுமாறு தந்தி வழியே பிரான்ற்போர்ட்டுக்கு அறிவித்தார். மாற்றியதும் குரல் தெளிந்து வந்தது.

குரல் ஒரு வடிவில், குரல் வந்துசேர்ந்ததா என்னும் செய்தி வேறொரு வடிவில். பிற்காலப் பொறியியலாளர் நூறாண்டுக் காலம் விவாதித்த கேள்வி இந்த முதல் நாளிலேயே எழுந்துவிட்டது: ஒப்புகை எந்த வழியாகத் திரும்ப வேண்டும்? குரல் செல்லும் பாதையிலேயேவா, அதற்குப் புறம்பானதொரு பாதையிலா?

2. குரலின் பாதையில் குறி

இணைப்பாளர்கள் பலகையின் முன் அமர்ந்திருந்த காலத்தில் இக்கேள்விக்கு விடை எளிது. ஒரு நகரின் இணைப்பாளர் மற்ற நகரின் இணைப்பாளரை அழைத்து, இன்ன எண் வேண்டும் என்பார். மறுபுறத்தவர் சரி என்பார் அல்லது தடம் ஒழியவில்லை என்பார். கேட்டலும் இசைதலும் மனிதர் வாய்வழியே நிகழ்ந்தன. இணைப்பாளரை நீக்கிவிட்டு எந்திரத்தை அமர்த்தியபோது அவ்வுரையாடலை ஓசைகளாக மாற்ற நேர்ந்தது. வட அமெரிக்காவின் நெடுந்தொலைவுத் தடங்களில் 2600 ஹேர்ட்ஸ் ஓசை ஒலித்தால் தடம் ஒழிந்துள்ளது என்று பொருள். அவ்வோசை சென்றது குரல் செல்லும் அதே கம்பியில் என்பதால், அதே ஓசையைத் தாமே எழுப்பிக் கட்டணமின்றிப் பேசக் கற்றுக்கொண்ட இளைஞர் கூட்டம் ஒன்றும் பின்னர் தோன்றியது.

1964இல் பன்னாட்டுத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு ஏற்ற ஐந்தாம் எண் சமிக்ஞை முறை இங்கு தனிக் கவனத்துக்குரியது. அழைக்கும் நாட்டு இணைப்பகம் 2400 ஹேர்ட்ஸ் ஓசையை எழுப்பும். மறுநாட்டு இணைப்பகம் 2600 ஹேர்ட்ஸ் ஓசையால் ‘தொடர்க’ என்று விடைதரும் வரை அவ்வோசை நிற்காது. விடை வந்தபின்பே எண்கள் அனுப்பப்படும். கேட்டவர் விடை பெறும்வரை கேட்டுக்கொண்டே நிற்பதும், விடை சொன்னவர் கேள்வி ஓயும்வரை விடையை நீட்டிப்பதும் இதன் இயல்பு. கடல்வடத்தின் தாமதத்தையும் செயற்கைக்கோளின் தாமதத்தையும் பொறுத்துக்கொள்ளும் வலிமை இம்முறைக்கு இருந்தது. ஆனால் குரலின் பாதையில் குறி செல்லும் குறை நீங்கவில்லை.

3. காலத்தைக் கூறிடல்

குரலை எண்ணாக்கும் முறை 1962இல் பெல் ஆய்வகத்தின் டீ-1 அமைப்பினால் நடைமுறைக்கு வந்தது. குரல் ஒரு நொடிக்கு 8,000 முறை அளவிடப்படும். அதாவது 125 மைக்ரோநொடிக்கு ஒருமுறை. இரண்டு அளவீடுகளுக்கு இடையிலான அச்சிறு பொழுதை 24 கூறுகளாக்கி, ஒரே இணைப்பில் 24 பேரின் குரலை அடுத்தடுத்து அனுப்பலாம். இவ்வாறு ஒருவருக்கு ஒதுக்கப்படும் துண்டைக் காலக்கூறு எனலாம். 24 கூறுகளும் சேர்ந்தது ஒரு சட்டகம். ஐரோப்பாவும், இந்தியா, இலங்கை முதலிய நாடுகளும் பின்பற்றிய முறையில் ஒரு சட்டகத்துக்கு 32 கூறுகள்.

குறி எங்கே செல்வது? ஐரோப்பியர் 32இல் ஒரு கூற்றைச் சமிக்ஞைக்கென்றே ஒதுக்கினர். வட அமெரிக்கர் அவ்வாறு ஒதுக்க மனமின்றி, ஆறு சட்டகத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குரலின் கடைசி பிட்டையும் பறித்து அதில் குறியை வைத்தனர். பொறியியலாளரே இதைப் ‘பறித்த பிட்’ என்றுதான் அழைத்தனர். காதுக்கு வேறுபாடு புலப்படவில்லை. ஆயின் அதே இணைப்பில் கணினித் தரவு செல்லத் தொடங்கியபோது பறித்த பிட்டின் விலை தெரிந்தது. 64 கிலோபிட் கொள்ளும் தடத்தில் 56ஐ மட்டுமே நம்ப முடிந்தது. சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு இரு தலைமுறைக்குத் தலைவலியாய் நின்றது என்பதே நேர்மையான மதிப்பீடு.

4. பிரம்ரனில் உருவான உரையாடல்

கனடாவின் நோர்தேர்ன் எலெக்ரிக் நிறுவனம் 1976இல் நோர்தேர்ன் ரெலிகொம் எனப் பெயர் மாறியது. அதன் ஆய்வுக்கூடமான பெல்-நோர்தேர்ன் ஆய்வகம் 1971 முதல் ஒட்டாவாவில் இயங்கியது. முழுதும் இலக்கமுறையிலான இணைப்பகங்களை வேறெவரும் துணியுமுன் அறிவித்தது இந்நிறுவனம். 1977இல் டிஎம்எஸ்-10, 1979இல் டிஎம்எஸ்-100 என அவை வெளிவந்தன. பிந்தியது 1,00,000 இணைப்புகள் வரை தாங்குமாறு வகுக்கப்பட்டது. ரொறன்ரோவை அடுத்த பிரம்ரன் நகரின் டிக்சி வீதியிலிருந்த தொழிற்சாலை இவ்வரிசைக் கருவிகளின் முதன்மையான உற்பத்திக்களமாயிற்று.

இக்கருவியின் நடுவில் ஒரு மையக் கணினி. விளிம்புகளில் சந்தாதாரரின் கம்பிகளைக் கவனிக்கும் சிறு கட்டுப்பாட்டகங்கள். இடையே குரல்களை மாற்றியிணைக்கும் வலையமைப்பு. மையமும் விளிம்பும் ஓயாது பேசிக்கொள்ள வேண்டும். இன்ன கம்பியில் ஒருவர் ஒலிவாங்கியை எடுத்தார், இன்ன எண்ணை அழுத்தினார், மணியை அடி, மணியை நிறுத்து என ஆயிரக்கணக்கான சிறு செய்திகள். அவை செல்லும் இணைப்பில் 32 காலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 10 பிட்; நொடிக்கு 25,60,000 பிட். முப்பது கூறுகள் குரலுக்கு; எஞ்சியவை செய்திக்கும் கட்டுப்பாட்டுக்கும்.

செய்தி செல்லும் முறை, கருவியின் கையேட்டு மொழியில், ஒரு கேள்வியோடு தொடங்குகின்றது. அனுப்ப விரும்பும் பக்கம் ‘எம்ஐஎஸ்’ என்னும் குறியை இடும், ‘மே ஐ செண்ட்’ என்பதன் சுருக்கம் அது, அனுப்பலாமா? மறுபக்கம் ஓய்ந்திருந்தால் ‘அனுப்பு’ என்னும். அதன்பின் செய்தி தொடங்கும். முடிந்ததும் பெற்றவர் கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, ஒத்திருந்தால் நேர் ஒப்புகையும் ஒவ்வாவிடில் எதிர் ஒப்புகையும் தருவார். ‘அனுப்பு’ என்னும் விடை வராவிடில் ஒரு காத்திருப்பு எல்லை. ஒப்புகை வராவிடில் மற்றொன்று. இவ்விரு எல்லைகளும் கடந்தால் தனித்தனிப் பெயரோடு பிழைப்பதிவு அச்சாகும். பராமரிப்பாளர் அப்பெயரைப் பார்த்தே, மறுபக்கம் கேள்வியைக் கேட்கவில்லையா, கேட்டுப் பணியை ஏற்றபின் முடங்கியதா எனப் பிரித்தறிவார். மௌனத்திலும் இருவகை உண்டு என்பதை இக்கருவியை வகுத்தோர் நன்குணர்ந்திருந்தனர்.

குரலுக்குரிய கூறுகளிலும் ஓர் உரையாடல் மறைந்திருந்தது. பத்து பிட்டில் எட்டு குரலுக்கு, ஒன்று பிழை காண்பதற்கான சமநிலை பிட், பத்தாவது மேற்பார்வைக்கு. இப்பத்தாவது பிட்டை 40 சட்டகங்களில் ஒவ்வொன்றாகத் திரட்டினால், ஐந்து மில்லிநொடியில் ஒரு சிறு செய்தி கிடைக்கும். அதில் ஓர் அடையாள எண் இருக்கும். இணைப்பை ஏற்படுத்தும்போதே மையக் கணினி இரு முனைகளுக்கும், ‘உனக்கு எதிரே இன்ன எண்ணைக் காண்பாய்’ என்று கூறிவிடும். அந்த எண் வந்துகொண்டிருக்கும்வரை இணைப்புச் சரி. மாறினால், குரல் வேறெங்கோ செல்கின்றது. குரல் எப்பொழுதும் இரண்டு இணையான தளங்களில் ஒருங்கே பயணம் செய்தது. ஒன்றில் எண் பிசகினால் விளிம்புக் கருவி மற்றத் தளத்துக்குத் தானே தாவிவிடும். பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

வட அமெரிக்கர் குரலிலிருந்து ஒரு பிட்டைப் பறித்தனர் என்று மேலே கண்டோம். டிஎம்எஸ் குரலுக்கு இரண்டு பிட்டை மேலதிகமாய்க் கொடுத்தது. கருவிக்குள் மட்டும் இயன்ற தாராளம் இது. வெளியுலகின் கம்பிகளில் எட்டுக்கு மேல் இடமில்லை. எனினும் ஒவ்வொரு குரல்துணுக்கும் தன் சான்றைத் தானே சுமந்து செல்லல் என்னும் எண்ணம் சிறப்பானது.

5. ஒரே எழுத்து இருமுறை

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, ஒட்டாவாவில் 1973இல் மைக்கேல் கௌப்லண்ட், ரெறி மத்யூஸ் என்னும் இருவர் மைற்றெல் நிறுவனத்தைத் தொடங்கினர். நோர்தேர்ன் எலெக்ரிக்கின் துணையாய் இயங்கிய மைக்ரோசிஸ்ரம்ஸ் இன்ரர்நஷனல் என்னும் சில்லு நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் அவர்கள். அந்நிறுவனம் நிலைக்கவில்லை, அங்கு பயின்றவர்களோ ஒட்டாவாவின் பிற்கால நிறுவனங்கள் பலவற்றுக்கு வித்தாயினர்.

மைற்றெல் தன் சில்லுகளுக்கிடையே எஸ்ரீ-பஸ் என்னும் தொடர்வழியை அமைத்தது. 32 காலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு பிட், நொடிக்கு 20,48,000 பிட். இவ்வழியில் அமர்ந்த எம்ரீ8980 என்னும் மாற்றிணைப்புச் சில்லுக்கு எட்டு வழிகள் உள்ளே, எட்டு வழிகள் வெளியே. 256 கூறுகளுள் எதனையும் எதனோடும் இணைக்கலாம். இதன் அரிய பண்பு ‘செய்தி முறை’ எனப்பட்டது. நுண்செயலி ஒரு கூற்றின் நினைவிடத்தில் ஓர் எண்ணை எழுதினால், அக்கூற்றில் குரலுக்குப் பதிலாக அவ்வெண் வெளிச்செல்லும். மறுமுனையில் வேறொரு நுண்செயலி தன் சில்லின் நினைவிடத்திலிருந்து அதனைப் படிக்கும். செய்திக்கெனத் தனிக் கம்பி வேண்டாம். குரல் செல்லும் வழியில், குரலுக்கு நிகரான ஒரு கூற்றில், கட்டுப்பாட்டுச் செய்தியும் செல்லும். பிரம்ரன் கருவி செய்திக்குக் குறித்த இருக்கையை ஒதுக்கியது. மைற்றெல்லின் சில்லு எந்த இருக்கையிலும் செய்தியை அமர்த்தியது.

இங்குதான் ஒப்புகையின் தேவை துலக்கமாகின்றது. நுண்செயலி ‘அ’ என்னும் எழுத்தை எழுதிவிட்டால், அதை மாற்றும்வரை 125 மைக்ரோநொடிக்கு ஒருமுறை ‘அ’, ‘அ’, ‘அ’ என்று அது சென்றுகொண்டே இருக்கும். பெறுபவர் பார்க்கும்போதெல்லாம் ‘அ’ தெரியும். அனுப்பியவர் ஒரு ‘அ’ அனுப்பினாரா, இரண்டு அனுப்பினாரா? ‘அம்மா’ என்பதில் சிக்கலில்லை. எழுத்து மாறும்போது மாற்றம் தெரியும். அடுத்தடுத்து ஒரே எழுத்து வரும் செய்தியில் இரண்டாவது எழுத்து காணாமற்போகும். பெறுபவர் தாமதித்துப் படித்தால் இடையில் வந்த எழுத்தும் தப்பிவிடும். எனவே ஒவ்வோர் எழுத்தையும் பெற்றபின், திரும்பும் வழியிலுள்ள ஒரு கூற்றில் ‘பெற்றேன்’ என எழுத வேண்டும்; அதைக் கண்டபின்பே அனுப்புபவர் அடுத்ததை இட வேண்டும். அல்லது ஒவ்வொரு புது எழுத்துக்கும் ஒரு பிட்டை 0, 1 என மாறிமாறி வைத்து ‘இது புதியது’ எனக் காட்ட வேண்டும். பொருள் தராத அந்த ஒற்றைப் பிட் இல்லையேல் பொருள் தரும் மற்ற ஏழு பிட்டுகளும் பயனற்றவை.

சில்லுக்கும் அதன் அருகிலுள்ள நுண்செயலிக்கும் இடையேகூட இவ்வுரையாடல் நிகழ்ந்தது. எம்ரீ8980இன் ஒரு முள் ‘தரவு ஒப்புகை’க்கெனவே இருந்தது. தன் பணி முடிந்தபின் சில்லு அம்முள்ளின் மின்னழுத்தத்தைத் தாழ்த்தும்; அதுவரை நுண்செயலி காத்திருக்கும்.

6. சொல்லும் வழக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், ஒரு பொருளுக்கு வழக்கிலுள்ள தமிழ்ச் சொல் உண்டா என்பதை முதலில் தேடினார். அம்முறையைப் பின்பற்றினால் ‘கைகுலுக்கலு’க்கு மாற்று தொலைவில் இல்லை. தமிழ்நாட்டு அஞ்சல் அலுவலகத்தில் பதிவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவந்த அட்டை ‘ஒப்புகை அட்டை’. பெற்றவர் கையொப்பமிட, அது அனுப்பியவரிடம் திரும்பி வந்தது. பெறப்பட்டது என்பதைப் பெற்றவரே மெய்ப்பிக்கும் செயலை இச்சொல் ஏற்கெனவே தாங்கி நிற்கின்றது. முன்கேட்டலுக்கு ‘இசைவு’ உண்டு. இசைவும் ஒப்புகையும் என்று பிரித்துச் சொன்னால், டிஎம்எஸ் கருவியின் இருவகைக் காத்திருப்புகளையும் தமிழில் மயக்கமின்றிக் கூறலாம். ‘கைகுலுக்கல் தோல்வி’ என்னும் தொடரால் எந்தக் கட்டம் தோற்றது என்பதைக் கூறவியலாது.

தமிழர் இந்நடைமுறையைப் பெயரறியாமலே கையாண்டும் வந்துள்ளனர். 1983 ஜூலைக்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் கனடாவுக்கு வந்தனர். கனடாவின் கடல்கடந்த அழைப்புகள் 1998 அக்டோபர் வரை ரெலிகுளோப் நிறுவனத்தின் தனியுரிமையாய் இருந்தன, கட்டணம் மிகுதி. அழைப்பின் கட்டணம் தொடங்குவது மறுமுனையில் ஒலிவாங்கி எடுக்கப்பட்டது என்னும் விடைச்செய்தி திரும்பி வந்த கணத்தில். எண்ணைச் சொல்லும் முகவரிச் செய்தி, எண் கிடைத்தது என்னும் செய்தி, மணி அடித்தல் ஆகிய அனைத்தும் அதற்கு முற்பட்டவை, கட்டணமற்றவை. மணியை ஒலிக்கவிட்டு எடுக்குமுன் துண்டித்தால், குரல் செல்லாமலே செய்தி சென்றுவிடும். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் ‘மிஸ்டு கால்’ எனப் பெயர்பெற்ற இவ்வழக்கம், வந்துசேர்ந்தேன், திரும்ப அழை, வெளியே நிற்கிறேன் என முன்கூட்டியே பேசிவைத்த பொருள்களைச் சுமந்தது. கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாதையை மக்கள் தம் பேச்சுக்குக் கடனாக எடுத்துக்கொண்டனர். இதனைச் சிக்கனம் என்று மட்டும் கூறி விடுதல் போதாது. குரலின்றியும் தொலைபேசியில் பேசலாம் என்பதை இது காட்டுகின்றது.

7. டிக்சி வீதியிலிருந்து நீதிமன்றத்துக்கு

நோர்ரெல் எனப் பெயர் சுருங்கிய நிறுவனம் 2000இல் 90,000க்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்டிருந்தது. ரொறன்ரோ பங்குச்சந்தைச் சுட்டெண்ணின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதனுடையது. 2009 ஜனவரி 14இல் அது கடனாளர் பாதுகாப்பை நாடியது. ஓய்வூதியம் குறைந்தது, நோயாலும் ஊனத்தாலும் பணி செய்யவியலாதிருந்தோர் பெற்றுவந்த உதவி 2010 இறுதியில் நின்றது. அடுத்த ஆண்டு அதன் காப்புரிமைகள் 450 கோடி அமெரிக்க டொலருக்கு விலைபோயின.

சொத்தைப் பங்கிடும் வழக்கு 2014 மே மாதம் ரொறன்ரோ நீதிமன்றத்திலும் அமெரிக்காவின் டெலவெயர் மாநில வில்மிங்டன் நீதிமன்றத்திலும் ஒருங்கே விசாரிக்கப்பட்டது. இரண்டு மன்றங்களும் காணொளி இணைப்பால் பிணைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 730 கோடி டொலர் பற்றிய தீர்ப்பை இரு நீதிபதிகளும் 2015 மே 12இல், ஒரே நாளில், ஒன்றுக்கொன்று முரணாகாதவாறு வெளியிட்டனர்.

காப்புரிமை விற்பனைக்குரியது, அதற்கு ஏலமும் விலையும் உண்டு. ‘அனுப்பு’ வராத மௌனத்துக்கும் ‘பெற்றேன்’ வராத மௌனத்துக்கும் வேறுபாடு கண்ட பராமரிப்பாளரின் அறிவு அவ்வேலத்தில் இடம்பெறவில்லை. அது பருமனான கையேடுகளிலும் அவற்றின் ஓரங்களில் எழுதப்பட்ட குறிப்புகளிலும் ஓய்வுபெற்றோர் நினைவிலும் உள்ளது. அவ்விணைப்பகங்களில் பணியாற்றிய தமிழர் எவரேனும் இருப்பின், அவர்களுடைய வாய்மொழி தமிழிலேயே பதிவு செய்யப்பட வேண்டும். கலைச்சொற்களுக்கு அதைவிட நல்ல ஊற்று இல்லை. டிக்சி வீதியின் தொழிற்சாலை 1990களில் நோர்ரெல்லின் தலைமையகமாக மாற்றப்பட்டது. பின்னர் அது ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வளாகமாயிற்று.